ஸ்டேரிங் தானாகத் திரும்பியது

"ஸ்டேரிங்கு தானாத் திரும்பிருச்சு" என்பதைத் தவிர காளீஸ்வரன் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை. காருக்கும் கல்தொட்டிக்கும் நடுவிலிருந்து அண்ணன் பொன்னுச்சாமியை இழுத்து வெளியே எடுத்தபோது அதைத்தான் சொன்னார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்த ஏட்டையாவிடமும் அதைத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து, போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்தபோது மனைவி உமாமகேஸ்வரியிடமும் அதையேதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் கேட்டவர்கள் சிரித்தார்கள். உமா சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

நம்பவில்லை என்பது தனக்கே தெரிந்தபோது, அவர் தொடாத சோற்றை எடுத்து மூடிவைத்தாள்.

மாசிக் களரித் திருவிழாவுக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போன இடத்தில் நடந்தது அது. சாயல்குடிக்கு மேற்கே, ஊரை விட்டுத் தள்ளி, சீமைக்கருவேலங் காட்டுக்கு நடுவில் இருக்கிறது அந்தக் கோயில். போக ஒற்றை மணல்தடம்தான். இரண்டு பக்கமும் முள். உள்ளே போன வண்டிக்குத் திரும்ப இடம் கிடையாது. போனபடியே பின்னால் எடுத்து, ஆடுமாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியைத் தாண்டி வந்துதான் திருப்ப வேண்டும். பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சாப்பாடு முடிந்து, பெண்கள் கோயிலுக்குப் பின்புறம் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். உமாவும் அங்கேதான் இருந்தாள். காளீஸ்வரன் தன் பழைய காரைப் பின்னால் எடுத்தார். காருக்குள் வேறு யாரும் இல்லை. கார் பாதித் தடம் நேராக வந்தது. பிறகு ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, தொட்டியருகே நின்ற பொன்னுச்சாமியின் இடது காலை அதோடு வைத்து நசுக்கியது.

வேறு யாருக்கு இப்படி நடந்திருந்தாலும் விபத்து என்று விட்டிருப்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. இவர்களைப் பெற்ற அய்யா இறந்தபோது காளீஸ்வரன் மொட்டை போட மாட்டேன் என்றார். படிக்கிற காலத்திலிருந்தே சாமி, சடங்கு என்று எதையும் அண்டாதவர். "உசுரோட இருக்கையில அய்யாவுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுட்டேன். செத்த பெறகு மயித்தக் குடுத்து என்னத்துக்கு" என்று சுடுகாட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார். மழித்த தலையோடு வீட்டுக்கு வந்த பொன்னுச்சாமி, ஒரே வாசலாகக் கிடந்த இரண்டு வீட்டுக்கும் குறுக்கே முள்வேலி அடைத்தார். அதற்குப் பிறகு களரிக்கு உமாவைக் கொண்டுவந்து விடுவதோடு சரி. காளீஸ்வரன் காரை விட்டு இறங்க மாட்டார். சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவார்.

பொன்னுச்சாமியின் மனைவி ராமலெட்சுமி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

"நேரா வந்துக்கிட்டிருந்த வண்டி. எங்க வீட்டு ஆளு நின்ன பக்கம் பாத்துத் திரும்புச்சு. மிச்ச அண்டாவ எடுக்க வந்தவ, இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். தானாத் திரும்புச்சாம்ல! செக்குமாடா அது, தானாத் திரும்புறதுக்கு?"

அவள் தம்பி சின்னக்கருப்பன், வேண்டுமென்றே ஏற்றியது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி அத்தானை நெருக்கிக்கொண்டிருந்தான். பொன்னுச்சாமி பிடிகொடுக்கவில்லை. ஏட்டையா வந்து கேட்டபோதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "வலியில கெடக்காரு. வெள்ளிக்கிழமை வாரேன், நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க" என்று ஏட்டையா போய்விட்டார்.

உமாவுக்கு வெள்ளிக்கிழமை முக்கியமாகப் படவில்லை. ஜெயிலா ஜாமீனா என்பதெல்லாம் அப்புறம். வழியில் அணில் குறுக்கே ஓடினால்கூட வண்டியை நிறுத்துகிற மனுஷன்தான் இவர். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் செருமுகிற சத்தம் கேட்டால் இவர் தாடை இறுகுவதையும் ஆறு வருஷமாக அவள் பார்த்து வந்திருக்கிறாள். அந்த இறுக்கம் ஒரு கணம் கைக்கு இறங்கியிருக்குமோ? அப்படி இறங்கியிருந்தால், இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தது யார்? அவரிடம் கேட்கலாம்தான். இல்லை என்று சொல்வார். அந்த இல்லையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டாள். மனுஷனைப் பற்றிக் கேட்டால்தானே இல்லை, ஆமாம் என்று வரும். காரைப் பற்றிக் கேட்போம். ஸ்டேரிங் தானாகத் திரும்புமா, திரும்பாதா?

---

ஏர்வாடி முக்குரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற தாஹா மறுநாளே பைக்கில் வந்தார். கார் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. காளீஸ்வரன் அதன் பக்கமே வரவில்லை. விடிந்ததும் மிளகாய்க்கொல்லைக்குப் போய்விட்டார்.

தாஹா காருக்கு அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தார். தட்டினார், ஆட்டினார், முன்சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சுற்றினார். ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டும் வந்தார்.

"பழைய வண்டிதான். ஆனா ஸ்டேரிங்குல ஒரு கொறையும் இல்லக்கா. பிரேக்கு நல்லாருக்கு. டயர்ல காத்து சமமா இருக்கு. அவரு வண்டிய நல்லா வச்சிருக்காருக்கா, அத ஒத்துக்கிறணும்."

"கொறையே இல்லையா தம்பி? நல்லாப் பாத்தியா?"

தாஹா சிரித்தார். "எல்லாரும் வண்டியில கொறை இருக்குன்னா அழுவாக. நீங்க இல்லன்னதுக்கு மொகத்தத் தூக்குறிய."

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் போன பிறகு காருக்குள் ஏறி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. ஸ்டேரிங்கின் கறுப்பு உறை, அவர் கை பிடிக்கிற இரண்டு இடத்திலும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தாள். கல்லாக இருந்தது. நின்றுகொண்டிருக்கிற வண்டியில் இரண்டு கையால் திருகினாலும் அசையாதது, ஓடும்போது தானாகத் திரும்பியதாம். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு ஆவலும் வந்தது. அந்த ஆவலைப் பார்க்க அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வீடு எரிந்துகொண்டிருக்கும்போது நெருப்பு எப்படிப் பற்றுகிறது என்று பார்க்க உட்கார்ந்தவளைப் போல.

---

கீழக்கரை ஜஸீலா வருஷா வருஷம் உமாவிடம்தான் வற்றல் வாங்குவாள். குண்டு மிளகாய், நன்றாக முதிர்ந்து காய்ந்தது, காம்போடு. அவள் புருஷன் ஆதில் சவூதியில் இருக்கிறான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று அந்த வீட்டில் கார் ஓட்டுவது அவள்தான். ஆரம்பத்தில் தெருவே ஜன்னலில் நின்று பார்த்ததாம். "எங்க வீட்டு ஆளு அங்கேருந்து கயிறு கட்டியா இழுப்பாக? நாந்தானே ஓட்டணும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

புதன்கிழமை உமா ஆஸ்பத்திரிக்கு ஆட்டுக்கால் சாறு கொண்டுபோனாள். ராமலெட்சுமி தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். ஆளை உள்ளே விடவில்லை. "சாறுக்கும் எனக்கும் சண்டையில்ல. ஒனக்கும் எனக்குந்தான்" என்றாள். திரும்பும் வழியில் உமா கீழக்கரையில் இறங்கினாள்.

ஜஸீலா முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கார்ச்சாவியை எடுத்தாள்.

"வாங்கக்கா. ஓட்டிப் பாத்துருவோம்."

"எதுல?"

"எங்க வண்டியிலதான். உங்க வண்டியிலதான் கொறை இல்லன்னு தாஹா சொல்லிட்டாஹல்ல. கொறை இல்லாத வண்டி என்ன செய்யுதுன்னு பாக்க வேணாமா?"

ஊருக்கு வெளியே உப்பளத்தைத் தாண்டி ஒரு பொட்டல். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் தரை வெடித்து வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஒரு மரம் கிடையாது, மனுஷர் கிடையாது. தூரத்தில் அள்ளிக் குவித்த உப்பு, பனையோலை மூடிக் கிடந்தது. கடல்காற்று காரையே தள்ளுகிற மாதிரி அடித்தது. ஜஸீலா தலையில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றினாள்.

"மொதல்ல முன்னால போறேன். என் கையப் பாருங்க."

மெதுவாக ஓட்டினாள். ஸ்டேரிங்கை அரைச்சுற்று ஒடித்தாள். கார் வளைந்தது. கையை எடுத்தாள். ஸ்டேரிங் சரசரவென்று தானே திரும்பி வந்து நேரானது. கார் நேரே போனது.

"யாத்தே!" என்றாள் உமா. "தானாத் திரும்புது!"

"இது நேராகுறதுக்கா. இது எனக்கும் தெரியும். எங்களுக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தவுஹ, வளைவு முடிஞ்சா கைய லேசா விடு, அதுவே வந்துரும்னுதான் சொன்னாஹ. இப்ப பின்னால பாப்போம்." நிறுத்தி, கியரைப் போட்டாள். "பிஸ்மில்லாஹ். புடிச்சுக்கங்க."

பின்னால் போனது. ஜஸீலா இரண்டு கையையும் காதுக்கு நேரே தூக்கிக்கொண்டாள். போலீஸ் துப்பாக்கியைக் காட்டினால் நிற்பது மாதிரி இருந்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டேரிங் சும்மா இருந்தது. பிறகு ஒரு நூல் அசைந்தது. உமா அதைப் பார்த்தாள். அந்த ஒரு நூல் இரண்டாகி, சட்டென்று யாரோ பிடுங்கியது மாதிரி ஸ்டேரிங் கடகடவென்று சுற்றிக் கடைசிவரை ஒடிந்தது. காரின் பின்புறம் ஒரே வெட்டாக இடது பக்கம் போனது. உமா கதவோடு சாய்ந்தாள். ஜஸீலா பிரேக்கை மிதித்தாள். வெள்ளைப்புழுதி முன்னால் எழுந்து நின்றது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அல்லாவே" என்றாள் ஜஸீலா. "மூணு வருசமா ஓட்டுறேன். இது எனக்குத் தெரியாதுக்கா."

"இன்னொருக்காப் போ."

போனார்கள். இந்தத் தடவை வலது பக்கம் ஒடிந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பொட்டல் முழுக்கச் சக்கரத்தடம் பின்னிக் கிடந்தது. பார்க்கிறவர்கள் பேய்பிடித்த வண்டி என்றுதான் நினைத்திருப்பார்கள். உமா கையை நீட்டி ஸ்டேரிங்கின் ஓரத்தில் இரண்டு விரலை மட்டும் வைத்துப் பார்த்தாள். முன்னால் போகும்போது அது தூங்குகிற பிள்ளையின் கை மாதிரி இருந்தது. பின்னால் போகும்போது விரலுக்குள் நெளிந்தது. எந்தப் பக்கமாவது ஓடிவிடத் துடித்தது. சும்மா தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், அடங்கி இருந்தது. விரலை எடுத்தால் போய்விட்டது.

ஜஸீலா தாஹாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் அவளுக்கு மாமா மகன்.

"அது எல்லா வண்டியிலயும் உள்ளதுதானே" என்றார் தாஹா. "பின்னால எடுக்கையில கைய விட்டா ஒடியத்தான் செய்யும்."

உமா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

"கொறை இருக்கான்னுதானேக்கா கேட்டிய? இது கொறை இல்ல. செஞ்சதே அப்படித்தான். முன்சக்கரம் திரும்புற அச்சு இருக்குல்ல, அது நேரா நிக்காது. மேல்பக்கம் பின்னால சாஞ்சிருக்கும். அதனால டயரு தரையத் தொடுற எடம் அச்சுக்குப் பின்னால இழுபட்டு வரும். முன்னால போகையில இழுபடுறது நேராத்தானே வரும்? பின்னால போனா அது தலகீழாயிருது. பின்னால வர வேண்டியது முன்னால போயிருது. அது நிக்காது, சுத்திக்கிட்டு ஓடும்."

"புரியல மச்சான்" என்றாள் ஜஸீலா.

உமாவுக்கு ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது.

"ஆட்டக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போறோம்ல, ஜஸீலா? எப்படி முரண்டு புடிச்சாலும் நம்ம பின்னாடி நேரா வந்துரும். அதே கயித்தப் புடிச்சுக்கிட்டு ஆட்டத் தள்ளிட்டுப் போ பாப்போம்."

"போகாதுக்கா. எந்தப் பக்கமாச்சும் திரும்பிரும்."

"அதான்."

"அக்கா சொல்றது சரிதான்" என்றது போன். "ஆனா கைய விட்டாத்தான். லேசாத் தொட்டுக்கிட்டிருந்தாக்கூட ஒடியாது."

ஜஸீலா போனை அணைத்தாள். உமாவுக்கு அழுகை வந்தது. பொய் இல்லை. அந்த மனுஷன் சொன்னது பொய் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஜஸீலா சிரிக்கவில்லை. "அக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டியளே?"

"கேளு."

"தானாத் திரும்புது, சரி. ஆனா கைய விட்டாத்தான் திரும்புது. இவ்வளவு காலம் வண்டி ஓட்டுறவுஹ, ஆளுங்க நடமாடுற எடத்துல, பின்னால எடுக்கையில... ஏன் கைய விட்டாஹ?"

---

அந்தக் கேள்வியோடுதான் உமா பஸ் ஏறினாள். முன்பிருந்த கேள்வியைவிட இது மோசமாக இருந்தது. போதையில் இருந்தாரா? அவர் குடிக்கிறவர் இல்லை. போன் பேசினாரா? போன் அவளிடம்தான், அண்டா கழுவுகிற இடத்தில் இடுப்பில் இருந்தது. மயக்கம் வந்ததா? வந்திருந்தால் சொல்லியிருப்பாரே. வேண்டுமென்றே கையை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து விட்டாரா? அப்படிக்கூட ஒருவரால் யோசிக்க முடியுமா? தன்னால் யோசிக்க முடிகிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே பயமாக இருந்தது.

சிக்கல் தாண்டி ஒரு திருப்பத்தில் ரோட்டோரம் ஓர் அய்யனார் கோயில் வரும். டிரைவர் இரண்டு கையையும் ஸ்டேரிங்கிலிருந்து எடுத்து, நெஞ்சுக்கு நேரே கூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பக் கையை வைத்தார். பஸ் அது பாட்டுக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் பாதிப்பேர் தலைக்குமேல் கையைத் தூக்கினார்கள். உமாவும் தூக்கினாள். தினம் தினம் இந்த ரோட்டில் ஓடுகிற எல்லா டிரைவரும் செய்கிற காரியம். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. முன்னால் போகிற வண்டி. கையை விட்டாலும் தானே நேராகிக்கொள்ளும்.

தூக்கிய கை இறங்கவில்லை.

அன்றைக்குக் கார் எந்தப் பக்கம் பார்த்து நின்றது?

அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் கும்பிட்டுவிட்டு யாரும் சாமிக்கு முதுகு காட்ட மாட்டார்கள். கூப்பிய கையோடு பின்னாலேயே நடந்து, வேல்கம்பு நட்ட இடம் தாண்டித்தான் திரும்புவார்கள். கார் அன்றைக்குச் சாமியைப் பார்த்தபடிதான் பின்னால் வந்தது. கண்ணாடிக்கு நேரே கோயில். உள்ளே அணையா விளக்கு.

ஆனால் அவராவது, கும்பிடவாவது. சுடுகாட்டில் நின்று அப்படிச் சொன்ன மனுஷன். "என்னம்மா, எறங்கலையா? ஒங்க ஊருதானே?" என்று கண்டக்டர் கேட்ட பிறகுதான் அவளுக்கு இறங்கும் நினைவு வந்தது.

---

காளீஸ்வரன் கொல்லை ஓரத்தில் மணல் பாவிய களத்தில் மிளகாய்ப்பழத்தைக் காயக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார். காலையில் பறித்த பழம் ரத்தச் சிவப்பாகவும், முன்னால் பறித்தது கறுத்துச் சுருங்கியும் பாத்தி பாத்தியாகக் கிடந்தன. நெடி மூக்கில் ஏறியது. உமா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். சூத்தைப்பழத்தைப் பொறுக்கி ஒதுக்கினாள்.

"தானாத்தான் திரும்பியிருக்கு" என்றாள்.

அவர் கிண்டுவதை நிறுத்தினார்.

"ஜஸீலா வண்டியில ஓட்டிப் பாத்தோம். பின்னால போகையில எல்லா வண்டியும் திரும்புமாம். தாஹாவும் சொன்னாரு."

"நான் சொன்னா யாரு கேக்குறா?" பழத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நீயுந்தான் நம்பல."

"ஆமா, நம்பல."

அவள் ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்பயும் ஒண்ணு தெரியல எனக்கு. கைய விட்டாத்தான் திரும்புமாம். கைய எதுக்கு விட்டீக?"

கொல்லைக்கு அந்தப் பக்கம் பனைக்கூட்டத்தில் காற்று மட்டை மட்டையாக உரசியது.

"ஒங்க கையக் காட்டுங்க. என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சுன்னு காட்டுங்க. வாயால சொல்ல வேணாம்."

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். மிளகாய் பட்டுச் சிவந்திருந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையும் முழங்காலிலிருந்து மெதுவாகக் கிளம்பின. நெஞ்சுக்கு அருகே வந்து ஒன்றோடொன்று ஒட்டின. அங்கேயே நின்றன.

"ரெண்டு செகண்டுதான்" என்றார். "கண்ணக்கூட மூடல. பஸ்ஸுல எல்லாவனும் செய்யிறான், ஒண்ணும் ஆகல..."

"இத ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அய்யாவுக்கே மொட்ட போடாதவன் சாமி கும்புட்டேன்னா சிரிக்க மாட்டானா? அதுவும் கும்புட்டுக்கிட்டே அண்ணங் கால ஒடிச்சேன்னு?" கையைப் பிரித்துப் பழத்துக்குள் விட்டார். "கொலகாரன்னு சொன்னாக்கூடப் பரவால்லன்னு தோணிருச்சு."

அவள் எதைக் கும்பிட்டீர்கள் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இந்த மனுஷனிடம் தெரியாத அறை ஒன்று இருக்கிறது. கதவைத் தட்டாமல் உள்ளே போக அவளுக்கு மனசு வரவில்லை. "எந்திரிங்க. கையக் கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். "இந்தக் கையோட கண்ணத் தொட்டுராதீக."

---

வியாழக்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ராமலெட்சுமி வார்டு வாசலில் கையைக் குறுக்கே வைத்து மறித்தாள்.

"ஒனக்குத்தான் வழியில்லன்னேன். இவரயும் கூட்டிக்கிட்டு வந்துட்டியா? அந்தக் காலையும் ஒடிச்சுட்டுப் போகவா?"

"ஒரு சொல்லு சொல்லிட்டுப் போயிர்றோம்க்கா. அப்புறம் நீங்க எழுதிக் குடுக்கிறத எழுதிக் குடுங்க."

"அடியே, என்ன சொல்லு அது?"

"அவுகளுக்குச் சொல்ல வேண்டியது."

என்ன நினைத்தாளோ, ராமலெட்சுமி கையை இறக்கினாள். ஆனால் முன்னால் நடந்து போய்க் கட்டில் பக்கத்தில் காவல் நின்றுகொண்டாள்.

பொன்னுச்சாமி கால் முழுக்கக் கட்டோடு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே யார் என்று தெரிந்திருக்க வேண்டும். திரும்பவில்லை. காளீஸ்வரன் கட்டில் கால்மாட்டில் நின்றார். உமாதான் ஆரம்பித்தாள். பொட்டலில் ஓட்டிப் பார்த்தது, ஸ்டேரிங் விரலுக்குள் நெளிந்தது, முன்னால் போனால் நேராவது, பின்னால் போனால் ஒடிவது எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டுக்கயிற்றையும் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நயினார்கோவில்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"அப்படியாம்மா? எல்லா வண்டியுமா? டிராக்டருமா?"

"நீங்க சும்மா படுங்கய்யா" என்றாள் ராமலெட்சுமி. உமா பக்கம் திரும்பினாள். "சரிடி. ஆடோ மாடோ. கைய ஏன் விட்டாருங்கிறேன்."

உமா புருஷனைப் பார்த்தாள். அதை அவள் சொல்ல முடியாது.

"கும்புட்டேன்" என்றார் காளீஸ்வரன்.

ராமலெட்சுமி சிரித்தேவிட்டாள். "யாரு? நீங்களா? தம்பி, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். ஒங்க அண்ணன் செத்துருந்தாலும் கும்புட மாட்டீக நீங்க."

காளீஸ்வரன் தலை குனிந்து நின்றார். அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது. சுவரைப் பார்த்திருந்த தலை அப்போதுதான் அசைந்தது.

"ஏலே."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். காளீஸ்வரனின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது.

"பின்னால கண்ணாடிக்குக் கீழ ரெண்டு தட்டுத் தட்டுனேனே. கேட்டுச்சா?"

உமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ராமலெட்சுமியும் பார்த்தாள். தொட்டியில் கால் கழுவத்தான் அவர் அங்கே போய் நின்றார் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில், வண்டிக்குப் பின்னால் நிற்கிறவர் ஒரு தட்டுத் தட்டினால் நில் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் வரலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

"கேட்டுச்சுண்ணே" என்றார் காளீஸ்வரன். "கண்ணாடியில பாத்தேன். நீ நின்ன. அதுக்குத்தான் கைய எடுத்தேன்."

பொன்னுச்சாமி திரும்பினார். தம்பியைப் பார்க்கவில்லை, கூரையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"கிறுக்குப் பயலே. ஒத்தக் கையால கும்புட்டா வாங்கிக்கிற மாட்டேன்னுதா சாமி?"

நயினார்கோவில்காரர் 'க்ளுக்' என்று சிரித்து, ராமலெட்சுமி முறைத்ததும் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"ராமு, அந்த ஸ்டூல இழுத்து அவன்கிட்டப் போடு."

"நாளைக்கு ஏட்டையா வருவாரு" என்றாள் ராமலெட்சுமி. குரலில் இருந்த கூர் மழுங்கியிருந்தது. "சின்னக்கருப்பன் வேற நிப்பான். அவுககிட்ட என்னன்னு சொல்லுவீக?"

"நடந்ததச் சொல்லுவேன்." பொன்னுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். "வான்னு தட்டுனேன். வந்துட்டான்."